குப்பைமேனிச் சாறு தட்டில் வேலை செய்கிறது, அடுத்து என்ன செய்யலாம்?

பச்சையம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தாவரவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வுத் திட்டத்துக்குக் குப்பைமேனி இலையை எடுத்திருக்கிறேன். நிழலில் காயவைத்துப் பொடித்து, மெத்தனாலில் மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, சுழல் ஆவியாக்கியில் வற்றவைத்தேன். கடைசியில் கரும்பச்சையாகப் பிசின் மாதிரி ஒன்று குடுவையில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதைச் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

முடிவுகள் இவை. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி பரப்பிய தட்டில், சாறு ஏற்றிய காகித வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் 14 மில்லிமீட்டர் வந்தது. ஒப்பீட்டுக்கு வைத்த சிப்ரோஃப்ளாக்சசின் (ஆண்டிபயாடிக்) வில்லைக்கு 26. அதாவது பாதிக்கு மேல்! ஈ.கோலை தட்டில் ஒன்றும் இல்லை. டிபிபிஎச் சோதனையில் ஐசி50 (பாதி விளைவு வரத் தேவையான அடர்த்தி) மில்லிலிட்டருக்கு 85 மைக்ரோகிராம். ஃபிளேவனாய்டு, டானின், ஆல்கலாய்டு, சாப்போனின் எல்லாமே ‘உண்டு’ என்று வந்திருக்கிறது.

என்னோடு படிப்பவர்கள் இதைக் கேப்சூலில் அடைக்கலாம் என்கிறார்கள். களிம்பாகச் செய்யலாம் என்று இன்னொருவர். கட்டுரையில் ‘பயன்பாடுகள்’ என்று ஒரு பகுதி எழுதியாக வேண்டும். என்ன எழுதலாம், அதற்கு முன்னால் என்ன சோதனை செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கரைப்பான் எழுதியது:

தம்பி, முதலில் இரண்டு கேள்விகள். வெறும் மெத்தனால் நனைத்த வில்லை ஒன்றைப் பக்கத்தில் வைத்தீர்களா? வில்லை ஒன்றில் எவ்வளவு சாறு ஏற்றினீர்கள்?

---

பச்சையம் எழுதியது:

வெறும் மெத்தனால் வைக்கவில்லை. எப்படியும் ஆவியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் கரைசல், அதில் வில்லைக்கு 20 மைக்ரோலிட்டர். அப்படியென்றால் 1 மில்லிகிராம் வருகிறது.

(தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி.)

---

கரைப்பான் எழுதியது:

மன்னிக்கவும் தங்கச்சி.

சிப்ரோஃப்ளாக்சசின் வில்லையில் இருப்பது 5 மைக்ரோகிராம். உங்கள் வில்லையில் ஆயிரம். 200 மடங்கு ஏற்றிவிட்டு வளையத்தை மட்டும் ஒப்பிட்டால் ‘பாதிக்கு மேல்’ என்றுதான் தோன்றும். மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது கலவை. வேலை செய்யும் பொருள் அதில் நூற்றில் ஒரு பங்காக இருக்கலாம், ஆயிரத்தில் ஒரு பங்காகவும் இருக்கலாம். அதனால் இந்த எண்ணை வைத்துச் சாற்றைத் தள்ளிவிடவும் முடியாது. வளையம் சொல்வது ஒன்றே ஒன்று: இங்கே ஏதோ இருக்கிறது.

வளையத்தின் அகலம் கிருமி சாவதை மட்டும் பொறுத்தது இல்லை. பொருள் தட்டில் உள்ள அகார் கூழில் எவ்வளவு தூரம் ஊர்கிறது என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. அகார் கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர். எண்ணெய்ப் பசை உள்ள டெர்பீன் போன்றவை வில்லையிலேயே உட்கார்ந்துவிடும், நன்றாகக் கொல்லக்கூடியதாக இருந்தாலும் வளையம் சின்னதாகத்தான் வரும். தண்ணீரில் கரையும் சுமாரான பொருள் ஓடிப்போய் பெரிய வளையம் போட்டுவிடும். இரண்டு சாறுகளை வளையத்தை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள் என்று நான் தலையால் அடித்துக்கொள்வது இதனால்தான்.

எம்ஐசி பாருங்கள். 96 குழித் தட்டில் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், கிருமி வளராத மிகக் குறைந்த அடர்த்தி எது என்று பாருங்கள். ரெசசூரின் என்ற நிறங்காட்டியைச் சேர்த்தால் உயிருள்ள குழி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும். ஒரு பொறி இருக்கிறது: உங்கள் சாற்றில் பச்சையம் இருக்கிறது (உங்களைச் சொல்லவில்லை), அது நிறத்தை மறைக்கும். சாற்றில் உள்ள பாலிஃபீனால்கள் கிருமியே இல்லாமல் ரெசசூரினை நிறம் மாற்றவும் செய்யலாம். ஆகவே சாறு மட்டும், கிருமி இல்லாத குழி ஒன்று கட்டாயம். சாற்றைக் கரைக்க டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தைப் பயன்படுத்தினால் அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் உள்ள குழி இன்னொன்று.

கச்சாச் சாற்றுக்கு எம்ஐசி மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் துரத்திப் போகலாம் என்பார்கள். 1000-ஐத் தாண்டினால் பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

‘உண்டு, உண்டு, உண்டு’ அட்டவணை பற்றி ஒரு சொல். எந்த இலையைக் கிள்ளிப் போட்டாலும் டானினும் ஃபிளேவனாய்டும் இருக்கும். கட்டுரையில் அதற்கு இரண்டு வரிக்கு மேல் கொடுக்காதீர்கள்.

---

சும்மா_படிப்பவன் எழுதியது:

எனக்கு அறிவியல் பின்புலம் இல்லை, கேள்வி அபத்தமாக இருந்தால் மன்னிக்கவும். டிபிபிஎச் என்பது ஆண்டிஆக்ஸிடன்ட் சோதனைதானே? அது உடம்புக்கு நல்லது என்றுதானே எல்லா டப்பாவிலும் போட்டிருக்கிறது?

---

கரைப்பான் எழுதியது:

அபத்தமே இல்லை, இந்தத் துறையில் பாதிப்பேர் கேட்காமல் விட்ட கேள்வி. டிபிபிஎச் ஊதா நிறப் பொருள், உடம்பில் எங்கும் கிடையாது. அதற்கு ஒரு எலக்ட்ரானோ ஹைட்ரஜனோ கொடுக்கும் எதைச் சேர்த்தாலும் மஞ்சளாக வெளிறும். 517 நானோமீட்டரில் அதை அளக்கிறோம். குடுவையில் நடக்கும் வேதியியல் அவ்வளவுதான். குடலைத் தாண்டியதா, கல்லீரல் விட்டுவைத்ததா, செல்லுக்குள் போனதா என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. அமெரிக்க வேளாண் துறை உணவுகளின் ஓஆர்ஏசி மதிப்புகளை (அதுவும் குடுவையில் அளக்கும் ஆண்டிஆக்ஸிடன்ட் எண்தான்) இணையத்தில் பட்டியலாக வைத்திருந்தது. 2012-இல் அதை எடுத்துவிட்டது. அந்த எண்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்ட முடியவில்லை, விற்பவர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதே காரணம்.

ஆனால் இந்தச் சோதனைக்கு உரிய இடம் ஒன்று உண்டு. எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காப்பது. ரோஸ்மேரிச் சாற்றில் உள்ள கார்னோசிக் அமிலம் அந்த வேலையைச் செய்கிறது, ஐரோப்பாவில் இ392 என்ற எண்ணோடு உணவுச் சேர்பொருளாகவே அனுமதித்திருக்கிறார்கள். அங்கே தடுக்க வேண்டிய ஆக்ஸிஜனேற்றம் புட்டிக்குள் நடக்கிறது. சாறும் அதே புட்டிக்குள் இருக்கிறது. குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை.

---

வேர்பிடித்தவன் எழுதியது:

சித்த மருத்துவம் பார்க்கிறேன். இழை போகும் போக்கைப் பார்த்தால், பிரித்து எடுத்த மூலக்கூறு மட்டும்தான் மருந்து, மற்றதெல்லாம் குப்பை என்று முடியும் போலிருக்கிறது. அதற்கு முன்னால் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

‘சாறு’ என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். எங்களுக்குச் சாறு வேறு, குடிநீர் வேறு, ஊறல் வேறு, தைலம் வேறு. பச்சை இலையைப் பிழிவதும், எட்டில் ஒன்றாகக் காய்ச்சுவதும், எண்ணெயில் இட்டுக் காய்ச்சுவதும் ஒரே செடியிலிருந்து வெவ்வேறு பொருள்களை இழுக்கின்றன. நீங்கள் செய்தது மெத்தனால் ஊறல். குப்பைமேனியை யாரும் மெத்தனாலில் போட்டுத் தந்ததில்லை. உங்கள் முடிவு நல்லதாக வந்தாலும் கெட்டதாக வந்தாலும் அது எங்கள் மருந்தைப் பற்றியது இல்லை.

செய்முறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு உங்கள் அறிவியலே சாட்சி. சீனாவில் 1967-இல் மலேரியா மருந்து தேடும் திட்டம் தொடங்கியது. தூ யூயூவின் குழு ஆர்டிமீசியா செடியைச் சோதித்தபோது ஒரு முறை பலன் வரும், மறுமுறை வராது. கி.பி. நான்காம் நூற்றாண்டில் கோ ஹாங் எழுதிய கையேட்டை அவர் மறுபடி படித்தார். ஒரு கைப்பிடி செடியைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, குடி என்று இருந்தது. காய்ச்சு என்று இல்லை. சூடுதான் கெடுக்கிறது என்று பிடித்துக்கொண்டு, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈத்தரில் எடுத்தார். 1971 அக்டோபரில் 191-ஆம் மாதிரி, எலிகளின் மலேரியாவை முழுக்க அடக்கியது. 2015-இல் நோபல். அந்தக் கையேட்டின் ஒரு வரியை மதித்துப் படித்ததால் கிடைத்தது அது.

---

கரைப்பான் எழுதியது:

ஐயா, கதை முழுக்க உண்மை, நானும் வகுப்பில் சொல்வேன். ஆனால் அதன் பிற்பாதியையும் சொல்ல வேண்டும். சூடு கெடுத்தது அந்த மூலக்கூறில் உள்ள பெராக்சைடுப் பாலத்தை. அந்தப் பாலம்தான் மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்கிறது. அது தெரிந்த பிறகுதான் அளவு நிர்ணயித்த மாத்திரை சாத்தியமானது. ஆர்டிமீசியா இலைத் தேநீரை மலேரியாவுக்குப் பயன்படுத்துவதை உலக சுகாதார நிறுவனம் ஆதரிப்பதில்லை. ஒரு குவளையில் மருந்து எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது, குறைவாகப் போனால் ஒட்டுண்ணி எதிர்ப்புப் பழகிக்கொள்ளும். கையேடு வழி காட்டியது. வழியில் நடந்தது ஈத்தரும் எலியும்.

இன்னொன்று, நான் ‘மற்றதெல்லாம் குப்பை’ என்று எங்கும் சொல்லவில்லை. கூட்டாக வேலை செய்வதற்கு நல்ல சான்றே உண்டு. பெர்பெரிஸ் பேரினச் செடிகளில் பெர்பெரின் இருக்கிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் அதை உள்ளே வந்ததும் ‘நோர்ஏ’ என்ற இறைப்பானால் வெளியே இறைத்துவிடும், அதனால் பெர்பெரின் தனியாகச் சுமார்தான். அதே செடியில் 5'-மெத்தாக்சிஹைட்னோகார்பின் என்று ஒன்று இருக்கிறது. தனியாக அது கிருமியை ஒன்றும் செய்யாது, ஆனால் இறைப்பானை அடைத்துவிடும். இரண்டும் சேர்ந்தால் பெர்பெரினின் வீரியம் பல மடங்கு ஏறுகிறது. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. செடி தனக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது, நமக்காக இல்லை. ஆனால் முழுச் சாற்றைச் சோதிப்பதில் அர்த்தம் உண்டு என்பதற்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

‘கூட்டாக வேலை செய்கிறது’ என்று சொல்பவர் எதோடு எது, எந்த விகிதத்தில் என்று இப்படிக் காட்ட வேண்டும். சும்மா சொல்லக்கூடாது.

---

வேர்பிடித்தவன் எழுதியது:

இதை ஒத்துக்கொள்கிறேன். மஞ்சளைப் பற்றி நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டால் சண்டை வரும், அதனால் கேட்கவில்லை.

---

கரைப்பான் எழுதியது:

கேட்டே விட்டீர்களே. மஞ்சளில் உள்ள குர்குமின், சோதனைக் குழாய்க்குள் எதைக் கொடுத்தாலும் ‘ஆம்’ என்று சொல்லும் பேர்வழி. புரதங்களோடு ஒட்டும், தானே ஒளிரும், உலோகத்தைப் பிடிக்கும், கொஞ்ச நேரத்தில் சிதையும். எல்லாச் சோதனையிலும் பொய்யாக வெல்லும் மூலக்கூறுகள் என்று மருந்து வேதியியலாளர்கள் ஒரு கறுப்புப் பட்டியல் வைத்திருக்கிறார்கள், அதில் இதற்கு முன்வரிசை. 2017-இல் ஒரு விரிவான மதிப்பாய்வு வந்தது. 120-க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் மறைத்து நடத்திய, பொய் மருந்தோடு ஒப்பிட்ட ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்று அவர்கள் எழுதினார்கள். வாயால் விழுங்கினால் இரத்தத்துக்கு மிகக் கொஞ்சமே போய்ச் சேர்கிறது.

---

சும்மா_படிப்பவன் எழுதியது:

மிளகு சேர்த்தால் ஏறும் என்று படித்தேனே?

---

இரவுப்பணி எழுதியது:

ஏறும். 2 கிராம் குர்குமினோடு மிளகில் உள்ள பிப்பெரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது இரத்தத்தில் கிட்டும் அளவு 20 மடங்கு ஆனது என்று 1998-இல் வந்த ஆய்வு இருக்கிறது. ஆனால் பிப்பெரின் எப்படி ஏற்றுகிறது என்று யோசியுங்கள். கல்லீரலும் குடலும் அந்நியப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் வேலையைத் தடுத்துத்தான் ஏற்றுகிறது. அந்தத் தடை குர்குமினுக்கு மட்டும் இல்லை, அதே நேரத்தில் நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைக்கும் பொருந்தும். அடர்த்தியாக்கிய மஞ்சள் கேப்சூல்களால், குறிப்பாகப் பிப்பெரின் சேர்த்தவற்றால், கல்லீரல் அழற்சி வந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன.

நான் மருத்துவமனையில் மருந்தாளுநர். சாறு வேலை செய்யுமா என்பது உங்கள் கவலை. வேலை செய்தால் என்ன ஆகும் என்பது என் கவலை. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற செடி மனச்சோர்வுக்குப் பயன்படுகிறது, லேசானதிலும் நடுத்தரமானதிலும் பலன் உண்டு என்று சோதனைகளே சொல்கின்றன. அதில் உள்ள ஹைப்பர்ஃபோரின் கல்லீரலில் சைட்டோக்ரோம் 3ஏ4 நொதியை அதிகமாகச் சுரக்கவைக்கிறது. அந்த நொதி வேறு பல மருந்துகளையும் வேகமாகத் தின்றுவிடும். 2000-ஆம் ஆண்டில் மாற்று இதயம் பொருத்திய இரண்டு பேருக்கு, இந்தச் செடியைச் சேர்த்ததால் நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு சரிந்து, உடல் அந்த இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியது. செடி நஞ்சு இல்லை. அது உண்மையாகவே வேலை செய்கிறது, அதனால்தான் பிரச்சினை.

அதிமதுரமும் அப்படித்தான். கிளிசிரைசின் சிறுநீரகத்தில் கார்ட்டிசாலை அடக்கும் நொதியை நிறுத்திவிடும். அடங்காத கார்ட்டிசால் உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும், பொட்டாசியம் வெளியேறும், இரத்த அழுத்தம் ஏறும். நாள்கணக்கில் நிறைய எடுத்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

இப்போது பச்சையத்துக்கு. கேப்சூல் யோசனையை விட்டுவிடுங்கள் தங்கச்சி. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்கள் குப்பைமேனியைச் சாப்பிட்டுச் சிவப்பணுக்கள் உடைந்து மருத்துவமனைக்கு வந்ததாக வெளியான பதிவுகள் உண்டு. அந்தக் குறைபாடு தனக்கு இருப்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தவிர, அதில் அக்கலிஃபின் என்ற சயனோஜெனிக் கிளைகோசைடும் இருக்கிறது.

---

வேர்பிடித்தவன் எழுதியது:

உள்ளுக்குக் கொடுப்பதில் அளவும் ஆளும் பார்க்க வேண்டும் என்பது சரி. சொறி, சிரங்குக்கு மேல்பூச்சாகத்தான் இது அதிகம் பயன்படுவது.

---

கரைப்பான் எழுதியது:

கணக்கும் அதையே சொல்கிறது. எம்ஐசி மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆளுக்கு இரத்தம் 5 லிட்டர். அதில் அந்த அடர்த்தி வர 5 கிராம் சாறு, ஒரு துளி வீணாகாமல், இரத்தத்தை விட்டு வெளியேறாமல் நிற்க வேண்டும். காய்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு சாறு கிடைத்தால் 50 கிராம் பொடி. பச்சை இலையாக அதைப்போல நாலைந்து மடங்கு. இதுவும் நூறு சதவீதம் குடலில் உறிஞ்சப்பட்டால். பாலிஃபீனால்களில் பல சில சதவீதம்கூட உறிஞ்சப்படுவதில்லை.

தோலில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. 1 சதவீதக் களிம்பில் கிராமுக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது, அதாவது எம்ஐசியைப்போல் பத்து மடங்கு, அதுவும் கிருமி இருக்கும் இடத்திலேயே. தட்டில் சுமாராக வரும் சாறுக்கு வாழ்வு இருக்குமானால் பெரும்பாலும் தோலில், வாயில், காயத்தில், இல்லையென்றால் செடிகளுக்குத் தெளிக்கும் பூச்சிவிரட்டியில். வேம்பின் அசாடிராக்டின் பூச்சியை அடித்துக் கொல்வதைவிட, தின்ன விடாமலும் தோலுரிக்க விடாமலும் செய்கிறது. ஒற்றை மூலக்கூறாகச் செயற்கையில் செய்து முடிக்க ஸ்டீவன் லேயின் குழுவுக்கு 22 ஆண்டு ஆனது, 2007-இல்தான் முடித்தார்கள். விதையைப் பிழிவது எவ்வளவோ சுலபம்.

---

அரைத்தூள் எழுதியது:

இப்போதுதான் இழையைப் பார்த்தேன். சாறு தயாரிக்கும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன்.

யாரும் கேட்காத கேள்வி: தங்கச்சி, அது குப்பைமேனிதான் என்று எப்படித் தெரியும்? செடியை அழுத்தி உலர்த்தி உலர் மாதிரித் தாள் செய்து, அடையாளம் உறுதிசெய்து பதிவு எண் வாங்கினீர்களா? சிரிக்காதீர்கள், எங்கள் வேலையில் பாதி இதுதான். ‘பிரம்மி’ என்று கேட்டால் ஒரு இடத்தில் நீர்ப்பிரமி வரும், இன்னொரு இடத்தில் வல்லாரை வரும். இரண்டும் வேறு வேறு செடிகள், முக்கியப் பொருளும் வேறு, ஒன்றில் பேக்கோசைடு, மற்றதில் ஏசியாட்டிகோசைடு.

பெயர்க் குழப்பம் ஆளையே கொல்லும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை கொடுத்தார்கள். ‘ஃபாங் ஜி’ என்ற பெயரில் இரண்டு செடிகள் உண்டு. ஸ்டெஃபானியா போக வேண்டிய இடத்தில் அரிஸ்டோலோகியா போய்விட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டது, பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் வந்தது. அந்தச் செடியில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் இன்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் முதல் பட்டியலில், புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றில், இருக்கிறது. ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே குடும்பம், அதே பேரினம்.

சரி, செடி சரியான செடி என்றே வைப்போம். போன மாதம் பறித்ததும் இந்த மாதம் பறித்ததும் ஒன்றாக இருக்காது. பூக்கும் முன் ஒரு அளவு, காய்த்த பின் ஒரு அளவு, நிழலில் உலர்த்தினால் ஒன்று, வெயிலில் உலர்த்தினால் வேறு. அதனால் ஒரு அடையாளப் பொருளைப் பிடித்து, ஒவ்வொரு தொகுதியிலும் எச்பிஎல்சி கருவியில் அளந்து, இத்தனை சதவீதம் என்று நிறுத்துகிறோம். நிலவேம்பு என்றால் ஆண்ட்ரோகிராஃபோலைடு. நிலாவிரை என்றால் சென்னோசைடு. அடையாளப் பொருள்தான் நோயைத் தீர்க்கிறது என்று அர்த்தம் இல்லை, போன தொகுதியும் இந்தத் தொகுதியும் ஒன்றுதான் என்று சொல்ல ஒரு பிடி வேண்டும், அவ்வளவே.

மெத்தனால் பற்றி: மருந்தில் எச்சமாக 3000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3000 பங்கு) வரை, ஹெக்சேன் 290 பிபிஎம் வரைதான் பன்னாட்டு வழிகாட்டுதல் விடுகிறது. பிசின் மாதிரி இருக்கும் சாற்றிலிருந்து கடைசி மெத்தனாலை விரட்டுவது நீங்கள் நினைப்பதைவிடக் கடினம். மனிதத் தோலுக்குப் போக வேண்டிய பொருள் என்றால் இப்போதே எத்தனாலும் தண்ணீரும் கலந்த கரைப்பானுக்கு மாறிவிடுங்கள்.

---

சும்மா_படிப்பவன் எழுதியது:

அப்படியென்றால் முழுச் சாறு மருந்தாக அங்கீகாரம் பெற்றதே இல்லையா? எப்போதும் ஒரு மூலக்கூறைப் பிரித்தால்தானா?

---

அரைத்தூள் எழுதியது:

உண்டு. பச்சைத் தேயிலையின் கேட்டெக்கின் கலவை, பிறப்புறுப்பு மருக்களுக்கான களிம்பாக 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2012-இல் குரோட்டன் லெக்லெரி மரத்தின் சிவந்த பாலிலிருந்து எடுத்த குரோஃபெலெமர், எச்ஐவி மருந்து எடுப்பவர்களின் வயிற்றுப்போக்குக்கு வந்தது. 2023-இல் பிர்ச் மரப்பட்டையின் டிரைடெர்பீன் சாறு, தொட்டாலே தோல் கொப்புளித்து உரியும் பரம்பரை நோயின் காயங்களுக்கு. இந்த மூன்றில் இரண்டு தோலில் பூசுவது, மூன்றாவது வாயால் போனாலும் குடலைத் தாண்டி உறிஞ்சப்படுவதில்லை. கரைப்பான் போட்ட கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

அதே பச்சைத் தேயிலைச் சாற்றை மெலிவதற்காக விழுங்கினால், அதன் முக்கியக் கேட்டெக்கினான இஜிசிஜி நாளைக்கு 800 மில்லிகிராம் என்ற அளவிலிருந்து கல்லீரல் நொதிகள் ஏறுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது.

---

வேர்பிடித்தவன் எழுதியது:

கீழாநெல்லியையும் எழுதிவிடுங்கள், அது என் தரப்புக்கு வலிக்கும் கதைதான், இருந்தாலும் நானே சொல்கிறேன். 1988-இல் மதராஸிலிருந்து ஒரு ஆய்வு ‘லான்செட்’ இதழில் வந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு, கிருமி இருப்பதைக் காட்டும் மேற்பரப்பு ஆன்டிஜென் இரத்தத்திலிருந்து மறைந்தது. பொய் மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். கிருமியைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பர்க் அதில் ஒரு ஆசிரியர். எங்களுக்கெல்லாம் அவ்வளவு பெருமை. பிறகு வேறு நாடுகளில் செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் இனம் வேறா, விளைந்த மண் வேறா, பறித்த பருவம் வேறா, அல்லது முதல் முடிவே தற்செயலா? இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. நோயாளி கேட்டால் நான் கிருமி அளவைப் பரிசோதித்து வரச் சொல்லித்தான் பேசுகிறேன்.

---

கரைப்பான் எழுதியது:

ஐயா, இதை இவ்வளவு நேர்மையாகச் சொல்பவர்களை ஆய்வகங்களிலேயே அதிகம் பார்த்ததில்லை.

தங்கச்சிக்கு ஒரு எதிர்மாறான கதை. நித்திய கல்யாணியை நீரிழிவுக்கு என்று சோதிக்கப் போனார்கள். கனடாவில் நோபிள், பீர் இருவரும் எலிக்குச் சாறு கொடுத்தபோது சர்க்கரை பெரிதாக அசையவில்லை, எலிகளின் வெள்ளணு மட்டும் சரிந்தது. ‘தோல்வி’ என்று மூடாமல் ஏன் சரிந்தது என்று தேடினார்கள். வின்பிளாஸ்டின் 1958-இல் வெளிவந்தது, அதைத் தொடர்ந்து வின்கிரிஸ்டின். குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு இன்றும் அதுதான் முதன்மை மருந்துகளில் ஒன்று. எதிர்பார்த்த எண் வராவிட்டால் வந்த எண்ணை எழுதி வையுங்கள்.

ஆடாதொடையின் வாசிசினும் நேராக மாத்திரையாகவில்லை. அதன் அமைப்பை அடிப்படையாக வைத்துச் செய்த புரோம்ஹெக்சின்தான் சளியை இளக்கும் மருந்தானது. சாறு மருந்தாவது ஒரு வழி. சாறு ஒரு வடிவத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது இன்னொரு வழி.

தயவு செய்து வெள்ளி நானோ துகள் மட்டும் செய்துவிடாதீர்கள். எந்த இலையை வெள்ளி நைட்ரேட்டில் போட்டாலும் துகள் வரும், வெள்ளி கிருமியைக் கொல்லும், பாராட்டு இலைக்குப் போகும்.

---

பச்சையம் எழுதியது:

அண்ணா, துறையில் என்னைத் தவிர எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள் :)

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். செய்துவிட்டு வருகிறேன்.

---

பச்சையம் எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

திரும்பி வந்துவிட்டேன்.

முதலில் வெறும் மெத்தனால் வில்லை. நான் வழக்கமாக உலர்த்தும் பத்து நிமிடத்தில் எடுத்து வைத்ததும் 9 மில்லிமீட்டர் வளையம் போட்டுவிட்டது. வெட்கமாக இருந்தது. ஒரு மணி நேரம் உலர்த்தினால் ஒன்றும் இல்லை. அதே போல உலர்த்திய சாற்று வில்லைக்கு 14 இல்லை, 11.

எத்தனால்-தண்ணீருக்கு மாறி மறுபடி எடுத்தேன். எம்ஐசி 1250 மைக்ரோகிராம். ரெசசூரின் நீங்கள் சொன்ன மாதிரியே ஏமாற்றியது, மேல் இரண்டு குழிகளில் கிருமி இல்லாமலே நிறம் மாறியது. அதனால் ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு துளி எடுத்துப் புதுத் தட்டில் பரப்பி, முளைக்கிறதா என்று பார்த்து உறுதி செய்தேன். பிறகு சாற்றை ஹெக்சேன், எத்தில் அசிடேட், தண்ணீர் என்று பிரித்தேன். தண்ணீர்ப் பகுதியில் ஒன்றுமில்லை. ஹெக்சேன் 1250. எத்தில் அசிடேட் 312. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் 312.

உலர் மாதிரித் தாளும் செய்து எண் வாங்கிவிட்டேன். குப்பைமேனியேதான்.

‘பயன்பாடுகள்’ பகுதியில் கேப்சூல் இல்லை. எத்தில் அசிடேட் பகுதியை மேல்பூச்சாக ஆராயலாம், அதற்கு முன் தோல் செல்களில் நச்சுத்தன்மை பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். வழிகாட்டி படித்துவிட்டு ‘இவ்வளவுதானா’ என்றார். ஆமாம் என்றேன்.

---

கரைப்பான் எழுதியது:

1250-லிருந்து 312 என்றால் நான்கு மடங்கு. பொருள் அந்தப் பகுதியில் குவிந்திருக்கிறது. அதைப் பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் டிஎல்சி தகட்டில் ஓட்டி, தகட்டின் மேலேயே கிருமி கலந்த அகாரை ஊற்றிப் பாருங்கள். எந்தப் புள்ளிக்கு மேல் வளராமல் நிற்கிறதோ அதுதான். ஒரே நாள் வேலை. தோல் செல் நச்சுத்தன்மைக்கு எம்டிடி என்ற நிறச் சோதனை செய்யும்போது செல் இல்லாத குழியை மறந்துவிடாதீர்கள், ரெசசூரின் ஏமாற்றியது போலவே அதுவும் ஏமாற்றும்.

---

வேர்பிடித்தவன் எழுதியது:

நன்றாகச் செய்திருக்கிறாய் அம்மா. வேரைச் சோதிக்கும் எண்ணம் உண்டா? இதற்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் ஏன் வந்தது தெரியுமா?

---

பச்சையம் எழுதியது:

தெரியும் ஐயா. போன வாரம் வேரைக் கழுவி ஆய்வகச் சன்னல் ஓரம் காயவைத்தேன். காலையில் வந்து பார்த்தால் வளாகத்துப் பூனை ஒன்று அதன் மேல் உருண்டு புரண்டுகொண்டிருந்தது, பாதி வேரைக் காணவில்லை. மறுபடி தோண்ட வேண்டும்.

---

இரவுப்பணி எழுதியது:

பூனைக்கு ஒன்றும் ஆகவில்லையே?

---

பச்சையம் எழுதியது:

ஒன்றும் ஆகவில்லை. இன்று காலையும் சன்னலுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது.